மூக்கைப் பிடித்துக் காட்டியவள்

படத்தில் நர்ஸம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததுமே அவள் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முப்பத்து நாலு வருஷ வேலையில் அந்த முகம் கேமராவுக்குச் சிரித்தது ஒரே ஒரு தடவைதான். அதுவும் ஓய்வு பெற்ற அன்று, படம் எடுத்தவர் "சிரிங்க சிஸ்டர், சிரிங்க சிஸ்டர்" என்று உயிரை வாங்கியதால். அந்த ஒன்றைத் தேடிப் பிடித்து, பெரிதாக்கி, சட்டம் போட்டு, பூ வைத்து மேசைமேல் நிறுத்தியிருந்தார்கள். நாற்காலிக்கு ஒன்றாக அச்சடித்த தாள் வேறு. 'புன்னகை மாறாத தேவதை. கோபம் என்றால் என்னவென்றே அறியாதவர். அருவருப்பு என்பதே இல்லாமல் நோயாளிகளைத் தொட்டவர்.' மூன்று வரியும் பச்சைப் பொய் என்று அந்த ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்குகிறவளுக்குக்கூடத் தெரியும்.

ஆஸ்பத்திரியின் கூட்ட அறை அது. பழைய டீயும் ஈரத் துடைப்பமும் கலந்த ஒரு வாடை. மேசை விரிப்பில் முந்தைய கூட்டத்தில் சிந்திய ஏதோ ஒன்று காய்ந்து பிசுபிசுத்தது, அதில் ஒரு ஈ கால் மாட்டிக்கொண்டு தவித்தது. மூலையிலிருந்த கைகழுவும் தொட்டியில் சோப்பு இல்லை. இந்த அறையில்தான் நர்ஸம்மாவுக்கு இரங்கல் கூட்டம். அவள் உயிரோடு இருந்திருந்தால் வாசலிலேயே நின்று "சீ" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போயிருப்பாள்.

மகள் மடியில் வைத்திருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. நாலு மணிக்கு அவள் பேச வேண்டும். பேசும்போது அதை எடுத்து எல்லார் முன்னாலும் விரிக்கப் போகிறாள். அம்மா போன பதினாறு நாளும் தையல் கடையில் மெஷினை மிதித்தபடி அந்தப் பேச்சைத்தான் ஒத்திகை பார்த்திருந்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் குனிந்து கிசுகிசுத்தான். அவன் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர், மைக்கைக் கண்டால் விடாதவன்.

"அதைக் கொண்டு வந்திருக்கியா?"

"கொண்டு வந்திருக்கேன்."

"சொன்னாக் கேளு. வார்டுக்கே அம்மா பேரு வைக்கறாங்க. பலகை கூடச் செஞ்சாச்சு. இந்த நேரத்துல போய் எதையாவது கிளறிக்கிட்டு. போனவங்க திரும்பியா வரப் போறாங்க?"

"திருப்பிப் போட்டிருந்தா போயிருக்க மாட்டாங்களோ என்னமோ" என்றாள் மகள். அண்ணன் நிமிர்ந்து, நர்ஸுகளுக்குத் தலைவியான மேட்ரனைப் பார்த்து இளித்தான்.

நர்ஸம்மா இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தது பத்தொன்பது வயதில். முதல் நாள், ஆறாத புண் ஒன்றின் கட்டைப் பிரித்த நிமிஷமே தொட்டிக்கு ஓடி வாந்தி எடுத்தாள். பெரிய நர்ஸ் ஒருத்தி, "உனக்கு இது சரிப்பட்டு வராது, வீட்டுக்குப் போய்க் கல்யாணம் பண்ணிக்கோ" என்றாளாம். இவள் வாயைத் துடைத்துக்கொண்டு, "வாந்தி எடுத்தாச்சு சிஸ்டர். இனி வேலையைப் பார்க்கலாம்" என்று திரும்ப வந்து கட்டைப் போட்டாள். அதற்கப்புறம் அருவருப்பு குறைந்ததா என்றால், இல்லை. ஒரு துளியும் குறையவில்லை. கடைசி வருஷம் வரை பெட்பேனைத் தூக்கும்போது முகம் கோணும். நாற்றமடிக்கும் கட்டைப் பிரிக்கும்போது பல்லைக் கடிப்பாள். ஆனால் மூக்கை மட்டும் மூட மாட்டாள். மூக்குதான் அவளுக்கு ஆயுதம். புண் சீழ் வைக்கப் போகிறது என்பதை டாக்டருக்கு ஒரு நாள் முன்னால் அவள் மூக்கு சொல்லிவிடும். நோயாளிகள் முதுகுக்குப் பின்னால் அவளை மூக்கம்மா என்பார்கள். அவளுக்கும் அது தெரியும். "கண்ணம்மான்னு பேரு இருக்கலாம், மூக்கம்மான்னு இருக்கக் கூடாதா?" என்பாள்.

வீட்டில் அந்த மூக்கிடம் யாரும் தப்ப முடியாது. லாரி ஓட்டிய புருஷன் ஏலக்காய் மென்று பார்த்தார், எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்த்தார், தெருமுனைக் குழாயில் குளித்துவிட்டுக்கூட வந்து பார்த்தார். வாசற்படியிலேயே பிடிபட்டார். கடைசியில் பீடியை விட்டது ஞானத்தால் அல்ல, அலுத்துப் போய்த்தான். பிள்ளைகள் இரண்டு பேரின் கழுத்தையும் சட்டையையும் டிபன் டப்பாவையும் மோந்து பார்த்துத்தான் உள்ளே விடுவாள்.

மகளுக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு, இன்றுவரை தீராதது. டியூட்டி முடிந்து வரும் அம்மாவைக் கட்டிக்கொள்ள ஓடுவாள். அம்மா இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, "தொடாதே, சீ, நான் இன்னும் ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன்" என்று பின்பக்கமாகக் குளியலறைக்குப் போய்விடுவாள். குளித்து, நகத்தைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, அவள் வெளியே வருவதற்குள் குழந்தைக்குக் கட்டிக்கொள்ளும் ஆசையே போயிருக்கும். அப்படி வளர்ந்ததாலோ என்னவோ, மகளுக்கு ஆஸ்பத்திரி என்றாலே ஆகாது. உள்ளே நுழையும்போதே கைக்குட்டை மூக்குக்குப் போய்விடும்.

மகள் பெற்ற பேத்தி நேர்மாறு. சளி, ரத்தம், வாந்தி எதைக் கண்டாலும் அவளுக்கு ஒன்றும் செய்யாது. பக்கத்தில் குழந்தை கக்கிக்கொண்டிருக்கும், இவள் பிஸ்கட் தின்றுகொண்டிருப்பாள். நர்ஸ் வேலைக்குப் படிக்கிறேன் என்று அவள் சொன்னதும் ஊரே பாட்டியைப் போல வருவாள் என்று மெச்சியது. பாட்டிதான் முட்டுக்கட்டை போட்டாள்.

"வேண்டாம்டி. உனக்கு அருவருப்பே கிடையாது."

"அது நல்லதுதானே பாட்டி?"

"என்ன நல்லது? அழுக்கு உன்னை ஒண்ணும் பண்ணலைன்னா நீ அதை ஏன் தொடைக்கப் போறே? எனக்குக் குமட்டுச்சு, அதனால தொடைச்சேன். 'பழகிப்போச்சு'ன்னு சொல்ற நர்ஸை நான் வார்டுல நிக்க விட்டதில்லை."

பேத்தி சிரித்துவிட்டுப் போய்ப் படித்தாள். எட்டு மாதத்துக்கு முன் இதே ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் வேலையும் கிடைத்தது.

மூக்கைத் தவிர நர்ஸம்மாவுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. எழுந்து நடக்க முடியாதவர்களுக்கு ஒரே பக்கமாகக் கிடந்தால் முதுகும் இடுப்பும் புண்ணாகிவிடும். அவள் பார்த்த பெண்கள் வார்டில் முப்பத்து நாலு வருஷமும் ஒருத்திக்கும் படுக்கைப் புண் வந்ததில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போட வேண்டும், அவ்வளவுதான் விஷயம். ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் நூல் கட்டி ஒரு தாள் தொங்கும். இடது, வலது, மல்லாக்க, நேரம், கையெழுத்து. திருப்பிப் போட்டு, முதுகைத் துடைத்து, கையைக் கழுவி, அப்புறம்தான் பேனாவைத் தொடுவாள். கையை உலர விடும் பொறுமை கிடையாது. ஈரக் கையோடு எழுதி எழுதித் தாள் முழுக்க மை ஊறிக் கிடக்கும். பழைய மேட்ரன் ஒருத்தி, "இதென்ன கண்றாவி, சுத்தமா எழுதக் கூடாதா?" என்று கேட்டதற்கு, "நாம தாளையா படுக்க வச்சிருக்கோம்? முதுகைப் பாருங்க" என்று நோயாளியைப் புரட்டிக் காட்டினாளாம். மேட்ரன் அப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை.

அப்பேர்ப்பட்டவள் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்து, பேச்சும் போய், அதே வார்டில் ஒன்பதாம் கட்டிலுக்கு வந்து சேர்ந்தாள். பதினொரு நாள் கிடந்தாள். வார்டில் வெளியாட்கள் தங்கக் கூடாது என்பதால் மகள் சாயங்காலம் ஒரு மணி நேரம் வந்து போவாள். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கால்மாட்டில் தாள் தொங்கியது. சுத்தமான தாள், நேர்நேராகக் கையெழுத்து. அதைப் பார்க்கும்போதெல்லாம், பரவாயில்லை, நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள் என்று மனசு நிறைந்தது. பேத்தி வேறு அதே கட்டடத்தில் இருக்கிறாளே.

ஆறாம் நாளிலிருந்து நர்ஸம்மா இடது கையைத் தூக்கி மூக்கைப் பிடித்துக் காட்டினாள். மறுபடி மறுபடி காட்டினாள்.

"பார்த்தியா, படுத்த படுக்கையிலயும் மூக்கம்மா மூக்கம்மாதான்" என்று அண்ணன் சிரித்தான். பக்கத்துக் கட்டில் பெட்பேன் நாறுகிறது போலிருக்கிறது என்று ஆயாவைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னான். ஆயுசு முழுக்க நாற்றம் நாற்றம் என்று குறை சொன்ன வாயாயிற்றே, இப்போது மட்டும் வேறு எதைச் சொல்லப் போகிறது? மகள் அம்மாவின் மூக்கைத் துடைத்துவிட்டாள். மறுநாள் பினாயில் போட்டுத் தரையைத் துடைக்கச் சொன்னாள். அதற்கடுத்த நாள் வாசனைத் தைலம் ஒன்று வாங்கி வந்து தலையணையில் தெளித்தாள். நர்ஸம்மா அவளையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே மூக்கைப் பிடித்துக் காட்டினாள். கடைசி இரண்டு நாள் அதையும் விட்டுவிட்டாள்.

பதினோராம் நாள் பகல் ஒன்று பத்துக்கு உயிர் போனது. வீட்டுக்கு எடுத்துப் போவதற்கு முன் துடைத்துவிட இரண்டு ஆயாக்கள் வந்து ஒருக்களித்தபோதுதான் மகள் அந்த முதுகைப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் குழி. அதன் நிறத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. நாற்றம் வார்டை நிறைத்தது. ஆறாம் நாளிலிருந்து அம்மா காட்டிக்கொண்டே இருந்த, தான் பினாயில் போட்டு மறைத்த நாற்றம் அதுதான் என்று அவளுக்கு அப்போது புரிந்தது. பிடித்துக்கொள்ள எதையோ தேடிக் கட்டிலின் கால்மாட்டைப் பிடித்தாள். தாள் கையில் பட்டது. எட்டு மணி, இடது. பத்து, வலது. பன்னிரண்டு, மல்லாக்க. இரண்டு, இடது. நாலு, வலது. ஆறு, மல்லாக்க. எல்லாவற்றுக்கும் எதிரே ஒரு சுழி, ஒரு கோடு, கையெழுத்து. அப்போது மணி ஒன்றே முக்கால். செத்த பிறகும் நர்ஸம்மா மூன்று தடவை திரும்பிப் படுத்திருக்கிறாள். மகள் தாளை நூலோடு பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

கூட்ட அறையில் மேட்ரன் பேசத் தொடங்கினாள். பவுடர் வாசனை முன்வரிசை வரை வந்தது. நர்ஸம்மாவின் கனிவு, நர்ஸம்மாவின் பொறுமை. நர்ஸம்மாவிடம் சூடு வைத்தாற்போலத் திட்டு வாங்கியவள் இவள். இன்று எப்படிப் பூசி மெழுகுகிறாள் பார் என்று மகளுக்குப் பல் நறநறத்தது. காற்று வாங்க வெளியே வந்தாள்.

தாழ்வாரத்தில் பேத்தி டீத் தட்டோடு நின்றிருந்தாள்.

"அம்மா, அந்தத் தாளை இன்னிக்குக் காட்டப் போறியா?"

"ஆமா."

"அது என் கையெழுத்து."

மகளுக்குக் காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. பேத்தி தட்டைக் கீழே வைக்கத் தெரியாமல் ஏந்திக்கொண்டே பேசினாள்.

"பாட்டி போன அன்னிக்குப் பெண்கள் வார்டுல ஆள் இல்லைன்னு காலையில என்னை அனுப்பினாங்க. இருபத்திரண்டு தாளையும் அவுத்து மேசைக்குக் கொண்டு வந்து, 'நாள் முழுக்கக் கையெழுத்துப் போட்டு வச்சிடு, எல்லாரும் அப்படித்தான்'னு சொன்னாங்க. போட்டேன். எங்க வார்டுலயும் எல்லாத் தாளும் அப்படித்தான் போடறோம். பழகிப்போச்சு."

"பாட்டி தாள்னு தெரியலையா?"

"தெரிஞ்சுது. ஒன்பது வந்ததும் கை நின்னுச்சு. முடிச்ச உடனே மொதல்ல பாட்டியைத்தான் திருப்பணும்னு நெனச்சேன். முடிக்கும்போது ஊசி போடக் கூப்பிட்டாங்க."

மகள் அவளை அறையவில்லை. அறைந்திருந்தால் தேவலை என்று இருவருக்குமே தோன்றியிருக்கும். தான் பெற்ற பெண்ணைப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அந்த மழுமழு முகமும், இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையும், சுத்தமான நகமும். உள்ளேயிருந்து அண்ணன் மைக்கில் அவளைப் பேசக் கூப்பிட்டான்.

மேடைக்கு நடந்த பத்தடியில் பேச்சு முழுக்க மறந்துபோயிற்று. தாளைக் காட்டினால் பெண்ணின் வேலை போகும். காட்டாவிட்டால் அந்தப் பலகை ஏறும், அதன் அடியில் இன்னும் இருபத்திரண்டு முதுகுகள் கிடக்கும். அச்சடித்த தாளை முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இதுல போட்டிருக்கறது எங்க அம்மா இல்லை. எங்க அம்மா சிரிக்க மாட்டாங்க. எல்லாத்துக்கும் கோபம் வரும். உங்க எல்லாரையும் விட அதிகமா அருவருப்புப் படுவாங்க. அதனாலதான் அவங்க வார்டுல யாருக்கும் புண் வந்ததில்லை. அவங்களுக்கு வந்துச்சு. இங்கதான் வந்துச்சு. இவ்வளவு பெருசு."

உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். மேட்ரன் எழுந்தாள், அண்ணன் எழுந்தான், யார் முதலில் மைக்கை வாங்குவது என்று இருவரும் தயங்கினார்கள்.

"உட்காருங்க. மொதல்ல என் சங்கதியைச் சொல்லிடறேன். மூக்கைப் பிடிச்சு மூக்கைப் பிடிச்சு அவங்க காட்டினாங்க. நான் தைலம் தெளிச்சேன். போர்வையைத் தூக்கிப் பார்க்கல. எனக்கு நாத்தம் ஆகாது, தாள் சுத்தமா இருந்துச்சு, அது போதும்னு இருந்துட்டேன். அம்மா தாள் ஒருநாளும் சுத்தமா இருந்ததில்லைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் இருந்துட்டேன்." பையைத் திறந்து தாளை எடுத்தாள். விரித்தாள். "ஒண்ணு பத்துக்குச் செத்தவங்களை ஆறு மணிக்குத் திருப்பிப் போட்டதா இதுல இருக்கு. இதை எழுதினது..."

பதினாறு நாளாக, எழுதியவளைச் சபிக்கும் அந்த அடுத்த வார்த்தையைத்தான் ரசித்து ரசித்து ஒத்திகை பார்த்திருந்தாள்.

"நான்" என்றாள் பேத்தி வாசலிலிருந்து. "நான்தான் எழுதினேன். ஒன்பதாம் கட்டில் மட்டும் இல்லை, இருபத்திரண்டும். அதுல ஒருத்தரைக்கூட நான் தொடல."

டீத் தட்டைத் தரையில் வைத்துவிட்டு அவள் போய்விட்டாள். மேட்ரன், இதையெல்லாம் ஆபீசில் பேசிக்கொள்ளலாம் என்றாள். "பேசலாம். பலகையை மட்டும் மாட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு, தாளைப் படத்தின்மேல், அந்தச் சிரிப்பை மறைத்தாற்போலச் சாய்த்து வைத்துவிட்டு மகள் இறங்கினாள். அண்ணன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பெண்கள் வார்டின் வாசலில் வழக்கம்போலக் கைக்குட்டை மூக்குக்குப் போயிற்று. மகள் அதை எடுத்துப் பைக்குள் திணித்துவிட்டு உள்ளே போனாள். ஒன்பதாம் கட்டிலில் இப்போது இடுப்பு உடைந்த ரொட்டிக்கடைக்காரி ஒருத்தி கிடந்தாள், கனத்த உடம்பு. பேத்தி தனியாக அவளைப் புரட்டப் பார்த்து முடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"லேசா செவந்திருக்கு. இன்னும் தோல் கிழியல" என்றாள், நிமிராமல். கண்ணும் மூக்கும் ஒழுகிக்கொண்டிருந்தன.

மகள் குனிந்து அந்த முதுகை மோந்து பார்த்தாள். குமட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அருவருப்பா இருக்கா உனக்கு?"

"இருக்கும்மா. தாங்க முடியல."

"சரி. அந்தப் பக்கம் பிடி."

இரண்டு பேருமாகத் திருப்பினார்கள். ரொட்டிக்கடைக்காரி ஒரு தடவை முனகிவிட்டு, "அப்பாடா" என்றாள். முதுகைத் துடைத்தார்கள். பேத்தி போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். கால்மாட்டில் தொங்கிய தாளில் ஆறு மணி வரைக்கும் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. அதை அவிழ்த்துக் கசக்கி எறிந்துவிட்டு, புதுத் தாள் ஒன்றைக் கட்டினாள். நாலு என்று எழுதப் போன கை நின்று, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, நாலு முப்பத்தைந்து என்று எழுதியது. கையில் இருந்த ஈரத்தில் மை பரவி, தாள் பார்க்கச் சகிக்காமல் ஆயிற்று.